தமிழ்99 விசைப்பலகை அமைப்புக் கோப்பை உட்பொதி கருவிகளுக்கு மாற்றுதல்: அட்டவணைக்குள் அடங்காத விதிகள்

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் செவ்வனே இயங்கும் தமிழ் விசைப்பலகை அமைப்பொன்றைச் சிறு கருவிகளுக்குக் கொண்டுசெல்ல, அதன் அமைப்புக் கோப்பை ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாற்றினால் போதும் என்ற எண்ணம் மென்பொருள் உருவாக்குநரிடையே பரவலாக உள்ளது. எக்ஸ்கேபி, லினக்ஸ் கருனியின் கேமேப், கியூட்டி நூலகத்தின் கியூமேப் ஆகிய வடிவங்களின் வழியாகத் தமிழ்99 அமைப்பு கடந்துசெல்லும்போது எவை நிலைக்கின்றன, எவை உதிர்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்99 என்பது விசைகளின் அட்டவணை மட்டுமன்று, எழுத்துப் புணர்ச்சி விதிகளின் தொகுப்பும் ஆகும். எனவே கோப்பு மாற்றம் பிழையின்றி முடிந்தாலும் அமைப்பு மாற்றம் முடிவதில்லை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். அவ்விதிகளைக் கருவியின் எப்பகுதியில் வைப்பது தகும் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், உட்பொதி கருவிகள், கேமேப், கியூமேப், ஒருங்குறி, உள்ளீட்டு முறை

முன்னுரை

நூலகத்தின் தேடு முகப்பு, மருத்துவமனையின் பதிவுப் பெட்டி, கடையின் பற்றுச்சீட்டுக் கருவி போன்றவற்றுள் பல இன்று லினக்ஸ் இயங்குதளத்தின் சுருங்கிய வடிவத்தில் இயங்குகின்றன. இவற்றில் மேசைக்கணினியில் உள்ளதுபோன்ற முழுமையான சாளரச் சூழல் இருப்பதில்லை. ஒரே ஒரு செயலி திரை முழுவதையும் நிரப்பி நிற்கும். அச்செயலி பெரும்பாலும் கியூட்டி போன்றதொரு வரைகலை நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்டு, விசைப்பலகையைக் கருனியிடமிருந்து நேரடியாகப் படிக்கும். மேசைக்கணினியில் தமிழ் உள்ளீட்டைத் தாங்கி நிற்கும் ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ், எம்17என் முதலிய இடைநிலை மென்பொருள்கள் இச்சூழலில் இடம்பெறுவது அரிது.

இந்நிலையில் தமிழ் உள்ளீடு வேண்டும் என்ற தேவை எழும்போது, லினக்ஸில் ஏற்கெனவே உள்ள தமிழ் அமைப்புக் கோப்பை எடுத்துக் கருவிக்குரிய வடிவத்திற்கு மாற்றும் முயற்சி தொடங்குகிறது. மாற்றும் கருவிகள் கிடைக்கின்றன. கட்டளை பிழையின்றி முடிகிறது. கோப்பும் உருவாகிறது. ஆயினும் கருவியில் ‘பாட்டு’ என்று தட்டெழுதினால் ‘பஆடடஉ’ என்று திரையில் தோன்றுகிறது. எழுத்துகள் யாவும் சரியான விசைகளில்தாம் அமைந்துள்ளன, ஆனால் சொல் அமையவில்லை. இவ்விடத்தில் பல திட்டங்கள் தமிழைக் கைவிட்டு ஆங்கில உள்ளீட்டோடு நின்றுவிடுவது இயல்பு. குறை தமிழின் சிக்கலில் இருப்பதாக அப்போது கருதப்படுகிறது. உண்மையில் குறை எங்குள்ளது என்பதை அறிய, கோப்பு வடிவங்களின் உள்ளே செல்ல வேண்டியுள்ளது.

(இக்கட்டுரையில் ஒருங்குறிக் குறியெண்கள் யாவும் பதின்ம எண்களாகவே தரப்படுகின்றன.)

ஒரே விசை, மூன்று எண்கள்

முதலில் ஓர் எளிய செய்தி. விசைப்பலகையின் ஒவ்வொரு விசைக்கும் அமைப்புக்கு அமைப்பு வேறுபடும் எண் உண்டு. தமிழ்99 அமைப்பில் ககரம் அமைந்துள்ள விசையை, அதாவது ஆங்கில அமைப்பில் ‘எச்’ உள்ள விசையை எடுத்துக்கொள்ளலாம். யூஎஸ்பி தரத்தில் அதன் எண் 11. லினக்ஸ் கருனியில் 35. எக்ஸ்கேபி அமைப்பில் 43. கருனியின் எண்ணோடு எட்டைக் கூட்டினால் எக்ஸ்கேபி எண் கிடைக்கும். யூஎஸ்பி எண்ணுக்கும் கருனி எண்ணுக்கும் இடையே இத்தகைய நிலையான வேறுபாடு இல்லை, தனி அட்டவணை வேண்டும்.

இவ்வேறுபாடு தொழில்நுட்பச் சிறுமை போலத் தோன்றினும், கையால் மாற்றம் செய்வோர் முதலில் இடறுவது இங்கேதான். எட்டு எண்கள் தள்ளிப்போன கோப்பில் ஒவ்வோர் எழுத்தும் வேறிடத்தில் வந்து நிற்கும். இவ்வகைப் பிழை உடனே கண்ணில் படுவதால் தீங்கு குறைவு. மாற்றும் கருவிகளும் இதனைத் தாமே கவனித்துக்கொள்கின்றன.

கோப்பு கடக்கும் வழி

லினக்ஸில் தமிழ் அமைப்புகள் எக்ஸ்கேபி தொகுப்பின் இந்தியப் பிரிவில் உள்ளன. இன்ஸ்கிரிப்ட், தமிழ்நெட்’99, தமிழ் எண்களுடன் கூடிய தமிழ்நெட்’99 ஆகியன அங்கே காணப்படுகின்றன. இவற்றைக் கருனியின் முனையத்திற்குரிய கேமேப் வடிவத்திற்கு மாற்றுவது டெபியன் வழங்கலின் சிகேபிகாம்ப் என்னும் நிரல். அவ்வாறு கிடைத்த கேமேப் கோப்பைக் கியூட்டியின் இருமக் கோப்பாகிய கியூமேப்பாக மாற்றுவது கேமேப்2கியூமேப் என்னும் நிரல். கியூட்டியின் 4, 5 ஆகிய தலைமுறைகளில் இந்நிரல் இடம்பெற்றிருந்தது. பின்னர், செயலியைத் தொடங்கும்போது விசைப்பலகைக்குரிய சூழல் மாறியில் கியூமேப் கோப்பின் இருப்பிடத்தைக் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிடில் நூலகத்தினுள்ளேயே பொதிந்துள்ள அமெரிக்க ஆங்கில அமைப்பு நடைமுறைக்கு வரும்.

கியூமேப் கோப்பின் அமைப்பு மிகவும் எளியது. முதலில் 16 பைட்டு அளவுள்ள தலைப்பகுதி. அதில் கோப்பின் அடையாள எண், பதிப்பு எண், விசைப் பதிவுகளின் எண்ணிக்கை, சேர்க்கைப் பதிவுகளின் எண்ணிக்கை ஆகிய நான்கும் உள்ளன. அடுத்து விசைப் பதிவுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் 12 பைட்டு: கருனியின் விசையெண், அது தரும் ஒருங்குறி எழுத்து, கியூட்டியின் உள் எண், ஷிஃப்ட் முதலிய துணைவிசைகளின் நிலை, சில கொடிகள், சிறப்புச் செயல். இறுதியாகச் சேர்க்கைப் பதிவுகள். ஒவ்வொன்றும் ஆறு பைட்டு: முதல் எழுத்து, இரண்டாம் எழுத்து, விளைவெழுத்து. பிரெஞ்சு, செருமன் போன்ற மொழிகளின் மேற்குறி எழுத்துகளைப் பெறுவதற்கென அமைந்த ஏற்பாடு இது. மேற்குறி விசையை அழுத்தினால் திரையில் ஒன்றும் தோன்றாது. அடுத்த எழுத்தை அழுத்தியபின் இரண்டும் கூடி ஓரெழுத்தாக வெளிப்படும். இவ்வேற்பாடுகூட இயல்பாகச் செயல்படுவதில்லை. சேர்க்கையை இயக்குமாறு தனியளபுரு ஒன்றைத் தந்தால்தான் நூலகம் அந்த அட்டவணையைத் தொடும். அட்டவணை கோப்பில் சரியாக இருந்தும் ஒன்றும் நிகழாத நிலைக்கு இந்த அளபுரு விடுபடுதலே காரணமாதல் உண்டு.

இவ்விரு பதிவுகளிலும் எழுத்துக்கென ஒதுக்கப்பட்ட இடம் 16 பிட்டு என்பதே நமக்கு முதன்மையான செய்தி. ஒரு விசைக்கு ஒரு குறியெண். இரு எழுத்தின் சேர்க்கைக்கும் ஒரு குறியெண். மிகுதியாகத் தர இடமில்லை. 65,535க்கு மேற்பட்ட குறியெண்ணும் அங்கே அடங்காது. தமிழின் பின்னக் குறியீடுகளும் பழைய அளவைக் குறியீடுகளுமாக 51 குறியீடுகள் 2019இல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் தமிழ்த் துணைத்தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. அத்தொகுதி 73,664இல் தொடங்குகிறது. முந்திரி, காணி முதலியவற்றைச் சுவடிப் பதிவுக் கருவியொன்றில் விசைவழி தர விரும்பும் ஆய்வாளருக்குக் கியூமேப் வழி முற்றாக அடைபட்டது.

இக்கட்டுப்பாடு கோப்பு வடிவத்தினது மட்டுமே என்பதையும் சொல்லவேண்டும். கியூட்டியில் விசை நிகழ்வு சுமந்துசெல்லும் உரை ஒரு சரம். அதில் எத்தனை எழுத்தும் இருக்கலாம். கோப்பிலிருந்து வரும் ஒற்றைக் குறியெண்ணை நூலகம் ஓரெழுத்துச் சரமாக்கி அனுப்புகிறது. குழாய் அகலமானது, வாயில்தான் குறுகியது.

தமிழ்99 எதிர்பார்ப்பது

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்’99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசால் தரமாக ஏற்கப்பட்டது தமிழ்99. அதன் அடிப்படை எழுத்து விசைகள் 31. இடப்பக்கம் உயிர் பன்னிரண்டு, வலப்பக்கம் பெரும்பாலும் அகரமேறிய மெய் பதினெட்டு, நடுவில் புள்ளி ஒன்று. ஆய்தமும் ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆகியனவும் ஷிஃப்ட் நிலையில் உள்ளன. உயிர்மெய்க் குறிகளுக்கென்று ஒரு விசையும் இல்லை என்பதே இவ்வமைப்பின் தனித்தன்மை. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்னும் இலக்கணக் கொள்கை அங்கே தட்டச்சு முறையாகவே ஆக்கப்பட்டுள்ளது.

அதற்கேற்ற விதிகள் சில. மெய்யை அடுத்து உயிர் வந்தால் உயிர்க்குறியாக மாறும். ஒரே மெய் இரட்டித்தால் முதலாவது தானே புள்ளி பெறும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகிய இன இணைகளிலும் முன்னது தானே புள்ளி பெறும். இவ்வாறு புள்ளி வேண்டாத இடத்தில் இடையே அகரத்தைத் தட்டினால் அது எழுத்தாக வெளிப்படாது, புள்ளியைத் தடுப்பதோடு நிற்கும். ‘மனனம்’ என்று எழுத வேண்டுவோர் இரு னகரங்களுக்கிடையே அகரத்தைத் தட்டாவிடில் ‘மன்னம்’ என்றாகும்.

இவ்விதிகளுள் ஒன்றேனும் விசையும் எழுத்தும் என்ற இருபத்தி அட்டவணையில் இடம்பெற வழியில்லை. ‘ஆ’ விசையை அழுத்தினால் வருவது ஆகாரமா (2950), அதன் குறியா (3006) என்பது முன் அழுத்திய விசையைப் பொறுத்தது. மேசைக்கணினி லினக்ஸில் இவ்விதிகள் எக்ஸ்கேபி கோப்பில் இல்லை. எம்17என் தொகுப்பிலுள்ள தமிழ்99 உள்ளீட்டு முறைக் கோப்பிலோ, கீமேன் போன்ற தனி மென்பொருளின் விதிக் கோப்பிலோ அவை உள்ளன. அதாவது தமிழ்99இன் ஒரு பாதி மட்டுமே எக்ஸ்கேபியில் இருக்கிறது. மாற்றும் நிரல்கள் தமக்குத் தரப்பட்ட பாதியை முழுமையாகவும் சரியாகவும் மாற்றித் தருகின்றன. ஆதலால் பிழைச்செய்தி ஏதும் தோன்றுவதில்லை. பிழைச்செய்தி தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உதிர்வன

‘தங்கம்’ என்னும் சொல்லைத் தமிழ்99இல் த, ங, க, ம, புள்ளி என ஐந்து விசைகளில் எழுதலாம். மாற்றப்பட்ட கியூமேப்பில் இதே ஐந்தும் ‘தஙகம்’ என்று தரும். இது கண்ணுக்கு ஓரளவு ‘தங்கம்’ போலவே தோன்றும் என்பதுதான் இடர். ‘கொக்கு’ என்பது ‘கஒககஉ’ என்று வரும்போது யாவருக்கும் பிழை தெரியும். விடுபட்ட ஒரு புள்ளியோ சிறிய திரையில் எளிதில் தப்பிவிடும், ஆனால் தரவுத்தளத்தில் அது வேறு சொல். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் இவ்வாறு பதிவாகிவிட்டால் பின்னாளில் தேடலில் அகப்படா.

ஷிஃப்ட் நிலையிலுள்ள க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றின் நிலை வேறு. ஒருங்குறியில் முன்னது மூன்று குறியெண்களின் தொடர், பின்னது நான்கின் தொடர். 16 பிட்டு இடத்தில் இத்தொடர்கள் அமைய வழியே இல்லை. ஒற்றைக் குறியெண் இல்லாத இவ்விரு விசைகளும் கியூமேப்பில் வெறுமையாகவோ குறையாகவோதான் இருக்க முடியும்.

பழைய தட்டச்சுப்பொறி வழி வந்த அமைப்புகளிலும் இதற்கு இணையான சிக்கல் உண்டு. அவற்றில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் எழுதும் வரிசைப்படி மெய்க்கு முன் தட்டப்படுகின்றன. ஒருங்குறியிலோ மெய்க்குப் பின் சேமிக்கப்பட வேண்டும். இவ்வரிசை மாற்றமும் விதியே, அட்டவணையன்று. கியூமேப்பாக மாறியபின் ‘ெ’ தனித்து நின்று, அதனருகே புள்ளிவட்டம் தோன்றும்.

இன்ஸ்கிரிப்ட் தப்பிப்பது ஏன்

இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் உயிருக்கு ஒரு நிலை, உயிர்க்குறிக்கு ஒரு நிலை, புள்ளிக்கு ஒரு விசை எனத் தனித்தனியே இடமுண்டு. ஒவ்வோர் அழுத்தமும் ஒரு குறியெண்ணையே தருகிறது. முன்னது எது என்று அறியத் தேவையில்லை. ஆகவே எக்ஸ்கேபியிலிருந்து கேமேப்புக்கும் அங்கிருந்து கியூமேப்புக்கும் ஏறத்தாழ இழப்பின்றிச் செல்கிறது. உட்பொதி கருவிகளில் தமிழ் உள்ளீடு உண்டு என்று சொல்லப்படும் இடங்களில் இன்ஸ்கிரிப்ட் முந்திநிற்பதற்கு அதன் கோப்பு எளிதில் மாறுவதும் ஒரு காரணமாகும். பயன்படுத்துவோரின் விருப்பத்தை இது காட்டுவதில்லை. தமிழ்நாட்டில் தமிழ்99இல் பயின்றவர் இக்கருவிகளின் முன் வந்தால் புதியதோர் அமைப்பைக் கற்க வேண்டியவராகிறார். ‘அம்மா’ என்பதற்கு அவருக்குப் பழக்கமானவை நான்கு விசைகள். இன்ஸ்கிரிப்டில் ஐந்து, அவற்றுள் ஒன்று ஷிஃப்டுடன்.

உயிர்க்குறிகளை மூன்றாம் நிலையில், அதாவது வல ஆல்ட் விசையோடு வைத்துத் தமிழ்99ஐக் காப்பாற்றலாம் என்பதும் ஒரு வழி. கோப்பு அளவில் இது இயலும். ஆனால் அதன் விளைவு தமிழ்99 அன்று, அதன் எழுத்திடங்களை மட்டும் ஏற்ற வேறோர் அமைப்பு.

டேஸ்16 வழியாக ஒரு பாதித் தீர்வு

2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு டேஸ்16 என்னும் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அதில் 247 எழுத்துக்கும் தனித்தனியே ஒவ்வொரு 16 பிட்டுக் குறியெண் உண்டு. கியூமேப்பின் சேர்க்கைப் பதிவு எதிர்பார்ப்பதும் அதுவே: முதல் எழுத்து ‘க’, இரண்டாம் எழுத்து ‘ஆ’, விளைவு ‘கா’. பதினெட்டு மெய்க்கும் பன்னிரண்டு உயிருக்கும் 216 பதிவுகள், 1,296 பைட்டு. அட்டவணைக்குள் தமிழ்99இன் முதல் விதி முழுமையாக அடங்கிவிடுகிறது. குறியாக்கம் பற்றிய விவாதங்களில் அதிகம் பேசப்படாத பொருத்தம் இது.

ஆயினும் இரண்டாம் விதியில் இது நின்றுவிடுகிறது. ககரம் இரட்டிக்கும்போது விளைவாக ‘க்’ வெளிப்பட வேண்டும், இரண்டாம் ககரமோ அடுத்து வரும் உயிருக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டை ஒன்றாக்கும் பதிவில் இவ்விரண்டையும் சொல்ல இயலாது. மேலும் மெய்விசை ஒவ்வொன்றும் காத்திருக்கும் விசையாக ஆவதால், தட்டியவர் அடுத்த விசையை அழுத்தும்வரை தாம் தட்டியதைத் திரையில் காணமாட்டார். இவ்வாறு பதிவான உரை பிற இடங்களில் பயன்பட ஒருங்குறிக்கு மாற்றப்படவும் வேண்டும்.

இதனோடு ஒப்பிட்டால் ஒருங்குறியின் ஒரு சிறப்பு புலப்படும். ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறியும் மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகின்றன. எனவே தமிழ்99இன் விதிகள் யாவும் ஏற்கெனவே அனுப்பிய எழுத்தை மாற்றாமல், பின்னால் சேர்ப்பதன் மூலமே நிறைவேறும். முதல் ககரம் தட்டியதும் ‘க’ (2965) வெளிப்படுகிறது. இரண்டாம் ககரம் தட்டியதும் புள்ளி (3021), ‘க’ என இரண்டும் சேர்ந்து வெளிப்படுகின்றன. முன்னது திருத்தப்படவில்லை. பின்னழிப்பு விசையைப் போலியாக அனுப்பி எழுத்தை அழித்து எழுதும் தேவை எழுவதில்லை. சிறு கருவிகளில் இது பெரும் வசதி. ஒரு விசைக்கு இரு குறியெண் அனுப்ப இடமிருந்தால் போதும்.

விதிகளை வைக்குமிடம்

கியூட்டியில் அதற்குரிய இடம் உள்ளீட்டுச் சூழல் எனப்படும் செருகுநிரல். விசை நிகழ்வு செயலியைச் சென்றடையுமுன் இச்செருகுநிரல் அதனைப் பெற்று, வேண்டுமாயின் தானே கையாண்டு, எத்தனை எழுத்துள்ள சரத்தையும் உரைப்பெட்டிக்கு அனுப்ப வல்லது. இவ்வமைப்பில் கியூமேப் கோப்புக்கு எளிய பணியே எஞ்சும். விசையை அடையாளம் காட்டினால் போதும், எழுத்தை முடிவுசெய்ய வேண்டியதில்லை. கோப்பை மாற்றும் வேலையே பெரும்பாலும் தேவையற்றதாகிறது.

செருகுநிரல் நினைவில் கொள்ள வேண்டியது மிகச் சிறிது: கடைசியாக வந்த மெய் எது, அல்லது மெய் ஏதும் நிலுவையில் இல்லை என்பது. மெய் நிலுவையில் இருக்க உயிர் வந்தால் அதன் குறியை அனுப்பி நிலுவையை நீக்க வேண்டும். அகரமாயின் ஒன்றும் அனுப்பாமல் நீக்க வேண்டும். மெய் வந்தால், அது நிலுவை மெய்யோடு ஒத்ததா, இன இணையா என்று பார்த்து, ஆமெனில் புள்ளியை முன்னிட்டு அனுப்ப வேண்டும். புள்ளியோ இடைவெளியோ வேறெதுவோ வந்தால் நிலுவை நீங்கும். ஒரே மெய் மூன்றாம் முறையும் தொடர்ந்து வரும்போது தானியங்கு புள்ளியை மீண்டும் இடுவதா என்பதற்குத் தனி முடிவு எடுத்து நிரலில் வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். அங்கே கவனமின்மை நேர்ந்தால் ‘அப்பப்பா’ போன்ற சொற்களில் புள்ளிகள் குவியும்.

இதற்கு வேண்டிய அட்டவணை, உயிரும் குறியுமாகப் பன்னிரண்டு இணைக்கு 48 பைட்டு, இன இணை ஆறுக்கு 24 பைட்டு, ஆக 72 பைட்டு. இரட்டித்தலுக்கு அட்டவணையே வேண்டாம், ஒப்பீடு போதும். ஒப்புநோக்க, தமிழ் எழுத்து விசைகள் 38க்கும் கியூமேப் பதிவுகள் எழுதினால் தலைப்பகுதியோடு 472 பைட்டு ஆகும். நினைவகம் போதாமையால் தமிழ்99 விதிகளைச் சேர்க்க இயலவில்லை என்ற காரணம் எந்தக் கருவிக்கும் பொருந்தாது என்றே கூறலாம். இயங்குதளமே இல்லாத நுண்கட்டுப்படுத்திகளிலும் இதே நிலைப்பொறியைச் சில பத்து வரிகளில் எழுதிவிட முடியும்.

நிலுவையை எப்போது மறக்க வேண்டும் என்பதே நுட்பமான இடம். தட்டிக்கொண்டிருப்பவர் விரலால் திரையைத் தொட்டுச் சுட்டியை வேறிடத்திற்கு நகர்த்திவிட்டு ‘ஆ’ விசையைத் தட்டினால், பழைய மெய்யின் நினைவில் குறி அனுப்பப்பட்டு, தொடர்பில்லாத எழுத்தின்மீது சென்று ஒட்டும். உரைப்பெட்டி மாறுதல், சுட்டி நகர்தல், பின்னழிப்பு ஆகியவற்றின்போது நூலகம் செருகுநிரலுக்கு அறிவிக்கிறது. அவ்வறிவிப்பைக் கேட்டு நிலுவையை நீக்குதல் கட்டாயம். நினைவை நம்பாமல், சுட்டிக்கு முன்னுள்ள எழுத்தை உரைப்பெட்டியிடமே கேட்டறிவது மற்றொரு முறை. இது உறுதியானது. ஆனால் அகரத்தால் நீக்கிய நிலுவையை இம்முறை மட்டும் அறியாது, ஏனெனில் அகரம் உரையில் தடம் விடுவதில்லை. இரண்டையும் இணைத்துப் பயன்படுத்துவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

விசைப்பலகையே கருவியாகும்போது

சில முயற்சிகளில் விதிகளை விசைப்பலகையின் ஃபர்ம்வேரிலேயே வைத்து, எந்தக் கணினியிலும் தமிழ்99 இயங்கச் செய்யும் நோக்கம் காணப்படுகிறது. யூஎஸ்பி விசைப்பலகைத் தரத்தில் எழுத்து என்ற கருத்தே இல்லை என்பது இதற்குத் தடை. பலகை அனுப்புவது விசையெண்ணை மட்டுமே. கியூஎம்கே போன்ற திறமூல ஃபர்ம்வேர்கள், அந்தந்த இயங்குதளத்தில் குறியெண்ணைத் தட்டெழுதும் குறுக்குவழியைப் பலகையே தட்டுவதுபோல நடித்து இதனைச் சாதிக்கின்றன. ஓர் எழுத்துக்குப் பல விசை நிகழ்வுகள் செல்கின்றன, இயங்குதளத்திற்கு இயங்குதளம் வழியும் மாறுகிறது. பெறும் முனையில் உள்ள கருவி அக்குறுக்குவழியை அறியாததாயின் திரையில் எண்களே தோன்றும். தனிப்பயனுக்கு இது ஏற்கத்தக்கது. பொதுக் கருவிகளுக்குப் பரிந்துரைக்க இயலாது.

திரையின் பிழையும் விசையின் பிழையும்

உள்ளீட்டைச் சோதிப்பவர் திரையைப் பார்த்தே சோதிக்கிறார். சிறு கருவிகளில் பயன்படும் வரைகலை நூலகங்கள் சில, எழுத்துருவின் உருவமைப்பு விதிகளைச் செயற்படுத்துவதில்லை. அங்கே ‘கெ’ என்பது சரியாகச் சேமிக்கப்பட்டிருந்தும் ககரத்திற்கு வலப்புறத்தில் ஒற்றைக்கொம்பு தோன்றும். சோதிப்பவர் இதனை விசையமைப்பின் பிழை எனக் கொண்டு, கொம்பை முன்னே அனுப்புமாறு விதியை மாற்றிவிட்டால் திரை சரியாகிவிடும், சேமிப்பு கெட்டுவிடும். உரை வேறொரு கணினியைச் சென்றடையும் நாளில்தான் அது வெளிப்படும். ஆகவே திரையில் தோன்றும் வடிவத்தையன்றி, சேமிக்கப்பட்ட குறியெண்களின் வரிசையையே சோதனையில் ஒப்பிட வேண்டும்.

குறியெண்ணை நோக்கினால் தெரியும் மற்றொன்று ஔகாரக் குறி. ‘கௌ’ என்பது ககரமும் ஔகாரக் குறியும் (3020) ஆகும். ககரம், எகரக் குறி (3014), ளகரம் (2995) என்று தட்டினாலும் கண்ணுக்கு அதே வடிவமே தோன்றும். தமிழ்99இல் ஔகாரத்திற்குத் தனி விசை இருப்பதால் விதிகள் முழுமையாக இயங்கும்வரை இக்குழப்பம் நேர்வதில்லை. குறிகளைத் தனித்தனியே தட்ட நேரும் அமைப்புகளில் நேர்கிறது. ஒகர, ஓகாரக் குறிகளை இரு பகுதிகளாக அனுப்பும் அமைப்புகளும் உள. அவை ஒருங்குறியின் இயல்பாக்க விதிப்படி ஒரே எழுத்தாகக் கருதத்தக்கவை. எனினும் கருவியின் தேடல் நிரல் இயல்பாக்கம் செய்யாவிடில் ‘கொல்லி’ இரண்டு ஊராகிவிடும். எகரக் குறியும் ளகரமும் சேர்ந்ததை எந்த இயல்பாக்கமும் திருத்தாது.

சோதனைக்குரிய சொற்கள்

மாற்றப்பட்ட அமைப்பைச் சரிபார்க்க நீண்ட பத்திகள் தேவையில்லை. விதி ஒவ்வொன்றையும் தொடும் சில சொற்கள் போதும். ‘அம்மா’ இரட்டித்தலையும் உயிர்க்குறியையும், ‘தங்கம்’, ‘பஞ்சு’, ‘கன்று’ இன இணைகளையும், ‘மனனம்’, ‘மமதை’ அகரத் தடையையும், ‘பௌவம்’ ஔகாரக் குறியையும் சோதிக்கும். க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை ஒருமுறை தட்டிக் குறியெண்களை எண்ணிப் பார்த்தால் ஒரு விசைக்குப் பல குறியெண் செல்கிறதா என்பது தெரியும். மேலெழுத்துப் பூட்டை இட்டுவிட்டு ஸகர விசையை அழுத்திப் பார்ப்பதும் நன்று. ஆங்கில அமைப்பிலிருந்து வந்த ‘எழுத்து’ என்னும் கொடி கியூமேப் பதிவில் எஞ்சியிருந்தால், பூட்டு இட்ட நிலையில் ‘ஆ’ விசை ஷிஃப்ட் நிலைக்குத் தாவி ‘ஸ’ என்று தரும்.

இலக்கிய, இலக்கண உரைகளைப் பதிவுசெய்யும் கருவிகளுக்கு அளபெடைச் சொற்களையும் சேர்க்க வேண்டும். ‘மரூஉ’, ‘குரீஇ’ ஆகியவற்றில் உயிர்மெய்யை அடுத்துத் தனியுயிர் நிற்கிறது. விதிகளை எழுதியவர் ‘சொல்லின் நடுவே உயிர் வந்தால் குறியாக்கு’ என்று சுருக்கி எழுதியிருந்தால் இச்சொற்கள் கெடும். நிலுவை மெய்யை மட்டும் நோக்கி எழுதப்பட்ட நிரலில், ரூகாரத்தோடு நிலுவை நீங்கிவிடுவதால், அடுத்த உகரம் தனியுயிராகவே வெளிப்படும். அன்றாடத் தமிழைக் கொண்டு மட்டும் சோதித்தால் இவ்வேறுபாடு வெளிப்படாது.

விதிகளைக் கோப்புக்குள்ளேயே எழுதும் வாய்ப்பு இப்போது தரநிலை அளவில் உருவாகியுள்ளது. ஒருங்குறிச் சேர்த்தியத்தின் சிஎல்டிஆர் தொகுப்பு, 2024இல் வெளியான 45ஆம் பதிப்பிலிருந்து, விசை அட்டவணையோடு உருமாற்ற விதிகளையும் ஒரே கோப்பில் கொள்ளும் விசைப்பலகை வடிவத்தைத் தருகிறது. தமிழ்99ஐ அவ்வடிவில் ஒருமுறை முழுமையாக எழுதிவிட்டால், அதிலிருந்து கியூட்டிச் செருகுநிரலுக்கும் நுண்கட்டுப்படுத்திக்கும் உரிய 72 பைட்டு அட்டவணையைத் தானியங்கியாக உருவாக்கும் மாற்றி எழுதத்தக்கதே. அம்மாற்றி கியூமேப்பை உருவாக்குமாறு பணிக்கப்பட்டால், விதிகளை மௌனமாக உதிர்க்காமல் ‘இவ்விதிகளுக்கு இவ்வடிவத்தில் இடமில்லை’ என்று அறிவித்து நிற்குமாறு எழுதப்படுதல் வேண்டும்.